நாலு விரற்கடை தூரம்

வாழை, வாளை, வாலை. மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்லி எழுதச் சொன்னேன். அந்தப் பிள்ளை மூன்று தடவையும் ‘வாலை’ என்றே எழுதி, நோட்டைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டியது. எட்டு வயசு, கலிபோர்னியாவில் இருக்கிறது. “மூணும் ஒண்ணுதானே டீச்சர், எதுக்கு மூணு தடவ சொன்னீங்க?” என்று கேள்வி வேறு. அன்றைக்கு முழுக்க நான் அந்தப் பிள்ளையின் காதையும் நாக்கையும்தான் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன். அங்கே பிறந்து வளர்கிற பிள்ளைக்கு ழகரம் எங்கே பிடிபடும் என்று அத்தையிடம் புலம்பினேன். ஒரு வாரம் கழித்து, வேறு எதற்கோ அந்த வகுப்பின் பதிவைப் போட்டுக் கேட்டால், நான் சொன்ன மூன்றும் எனக்கே ஒன்றாகத்தான் கேட்டது. கிணற்றுக்குள் இறங்கி நின்று யாரோ ‘வாலை வாலை வாலை’ என்று கூப்பிடுகிற மாதிரி.

எங்கள் வீடு சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில் ஒரு பழைய ஓட்டு வீடு. திண்ணை, தார்சா, பட்டாசல், அதை ஒட்டி அரங்கு, பின்னால் அடுக்களை, புறவாசல் என்று ரயில்பெட்டி மாதிரி நீளமாகப் போகும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் முதலில் சம்பளத்தைப் பாதியாக்கி அப்புறம் அந்தப் பாதியையும் நிறுத்தியபோது, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, “எம் பிள்ளைக்குத் தமிழ் சொல்லித் தாங்க மதினி” என்று கேட்டாள். அப்படி ஆரம்பித்தது. இப்போது பதினோரு பிள்ளைகள், பாதிப் பேர் அமெரிக்காவின் மேற்குக் கரையில். அவர்களுக்குச் சாயந்திரம் ஐந்தரை என்றால் எனக்கு மறுநாள் விடிகாலை ஆறு மணி. அதுவும் வருஷம் முழுக்க இல்லை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அப்போது எனக்கு ஏழு மணி. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி முன்னால் தள்ளுவார்கள். முதல் வருஷம் இது தெரியாமல், ஒரு நவம்பர் காலையில் தலை சீவிப் பொட்டு வைத்து ஒரு மணி நேரம் வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கருவி வாங்கும் முன்னால் காலண்டரில் இந்த இரண்டு ஞாயிற்றையும் சுழித்து வையுங்கள், செலவில்லாத ஏற்பாடு இது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் செலவு. நானும் எல்லோரையும் போலக் கண்ணுக்குத்தான் முதலில் செலவழித்தேன். 2,800 ரூபாய்க்கு ஒரு கேமரா. 700 ரூபாய்க்கு வளைய விளக்கு. அந்த விளக்கைப் பொருத்திப் பார்த்தால் என் மூக்குக் கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையங்கள், ஆந்தை முழித்த மாதிரி. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தே பத்து நிமிஷம் போயிற்று. கேமரா 1080p என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. ஆனால் பத்துப் பேர் கூடுகிற வகுப்பில் ஒவ்வொரு முகமும் தீப்பெட்டி அளவுக்குத்தானே தெரிகிறது? அதற்கேற்ற மாதிரி படத்தைக் குறைத்துத்தான் மென்பொருளும் அனுப்புகிறது. மொத்தம் 3,500 ரூபாய். அதற்கப்புறம்தான் அந்த வாழை வாளை வாலை.

சொல்லிக் கொடுத்தவர் மைக் செட் அண்ணாச்சி. எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் அவர்தான் ரேடியோ செட் கட்டுவார். எங்கள் வீட்டு மூலையில் இருக்கிற கம்பத்தில் ஓர் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டுவதற்காக விடிகாலையிலேயே ஏணியோடு வந்திருந்தார். நான் பட்டாசலில் உட்கார்ந்து வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத் திண்ணைக்கு வந்ததும் கேட்டார்.

“டீச்சர், யாருகிட்ட இம்புட்டுச் சத்தமாப் பேசுதீக?”

“பிள்ளைகளுக்குக் கேக்க மாட்டேங்குது அண்ணாச்சி.”

“சத்தம் போட்டா கேக்காது. மைக்கு எங்க இருக்கு?”

லேப்டாப்பைக் காட்டினேன். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மைக் எங்கே என்று எனக்கும் காட்டத் தெரியவில்லை. திரைக்கு மேல் குண்டூசித் தலை மாதிரி இரண்டு ஓட்டை இருந்தது, அதுதான் என்று அப்புறம் தெரிந்தது. “இதுலயா பேசுதீக? ரெண்டடி தள்ளி உக்காந்துக்கிட்டு?” என்று சிரித்துவிட்டு வலது கை நாலு விரலையும் சேர்த்து, மீசைக்கு முன்னால் குறுக்கே பிடித்துக் காட்டினார். “வாய்க்கும் மைக்குக்கும் நாலு வெரக்கட. வில்லுப்பாட்டுக்காரம்மா விடிய விடியப் பாடுதாங்களே, தொண்ட கட்டுதா? நாலு வெரக்கட. அதுக்கு மேல போனா மைக்கு உங்கள விட்டுட்டு வீட்டக் கேக்க ஆரம்பிச்சிரும்.”

வீட்டைக் கேட்க ஆரம்பித்துவிடும். இதைவிடச் சுருக்கமாக யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி அளவு 6 டெசிபல் இறங்கும். நாலு விரற்கடை ஏழரை சென்டிமீட்டர் என்று வையுங்கள். லேப்டாப் இருப்பது 60 சென்டிமீட்டரில், அதாவது எட்டு மடங்கு தூரம். மூன்று தடவை இரட்டிப்பு, 18 டெசிபல் போச்சு. என் குரல் மட்டும் 18 டெசிபல் இறங்குகிறது, மின்விசிறியும் பால்காரர் பைக்கும் சேவலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மென்பொருள் குரலைத் தூக்கிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று அவற்றையும் சேர்த்துத் தூக்கும். பிறகு இரைச்சலை அறுக்கிறேன் என்று ஆரம்பித்து ழகரத்தையும் சேர்த்து அறுத்துவிடும்.

நேருக்கு நேராக வாயில் வைத்துக்கொள்ளவும் கூடாது. ‘பம்பரம்’ என்று சொல்லும்போது வரும் காற்று மைக்கில் புஸ்ஸென்று அடிக்கும். வாயின் ஓரத்தில், கன்னத்துப் பக்கமாக இருக்க வேண்டும். இதையும் அவர்தான் சொன்னார்.

அதற்குள் என் தம்பி மகன் ஒரு ப்ளூடூத் ஹெட்செட் வாங்கி அனுப்பினான். பார்க்க ஜோராக இருந்தது. பாட்டுப் போட்டால் தேன். வகுப்பில் போட்டுப் பேசிய உடனே இரண்டு பக்கமும் பழைய டிரங்க் கால் மாதிரி ஆகிவிட்டது. கருவி கெட்டுப்போனது என்று நினைத்தேன், இல்லை. ப்ளூடூத்தில் பாட்டு கேட்க ஒரு பாதை, மைக்கோடு பேச வேறு பாதை. மைக்கைத் திறந்த கணமே அது ஒடுக்கமான பாதைக்கு மாறிவிடுகிறது. பழைய முறையில் விநாடிக்கு 8,000 தடவைதான் ஒலியை அளந்து அனுப்பும், அடுத்து வந்த முறையில் 16,000. பாட்டு சிடியில் இது 44,100. இப்போது வரும் சில புது வகைகளில் நிலைமை தேவலை என்கிறார்கள், ஆனால் கம்பி இருக்கும்போது நான் ஏன் அந்த வம்புக்குப் போகணும்? ளகரமும் ழகரமும் பிரிகிற நுணுக்கமெல்லாம் அந்த ஒடுக்கத்தில் நசுங்கிப்போகிறது என்பது என் காது கண்ட அனுபவம். ஹெட்செட்டை அத்தைக்குக் கொடுத்துவிட்டேன், அவர்கள் அதில் கந்தசஷ்டி கவசம் கேட்கிறார்கள்.

சரி என்று சட்டையில் குத்துகிற கிளிப் மைக் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினேன். கம்ப்யூட்டரில் சொருகினால் ஊமை. போனில் சொருகினால் பேசுகிறது. மறுபடி அண்ணாச்சிதான். பின்னைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, “கறுப்புக் கோட்ட எண்ணுங்க” என்றார். மூன்று. போனுக்கு உண்டான பின்னில் மூன்று கறுப்புக் கோடு இருக்கும், கம்ப்யூட்டரின் தனி மைக் துளைக்கு உண்டானதில் இரண்டுதான். மூன்று கோட்டுப் பின்னை இரண்டு கோட்டுத் துளையில் சொருகினால் உள்ளே தொட வேண்டிய இடம் தொடாது. ஹெட்போனும் மைக்கும் ஒரே துளையாக இருக்கும் லேப்டாப்பாக இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. என்னுடையது பழசு, இரண்டு தனித்துளை. நூறு ரூபாய்க்கு ஒரு பிரிப்பான் வாங்கி மாட்டியதும் பேசியது. மைக் வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்க்கும் முன்னால் கோட்டை எண்ணுங்கள்.

இப்போது குரல் பக்கத்தில் வந்தது. ஆனால் கிணறு போகவில்லை.

“கையத் தட்டிப் பாருங்க டீச்சர்” என்றார். பட்டாசலில் தட்டினேன். சுவரெல்லாம் காரை பூசியது, தரை சிமென்ட். தட்டின தட்டு போய்ப் போய்த் திரும்பி வந்தது. தார்சாவிலும் தட்டிப் பார்த்தேன், தெருச் சத்தமும் சேர்ந்து வந்தது. அடுக்களை கேட்கவே வேண்டாம், பாத்திரமெல்லாம் கூடப் பேசுகிறது. நானும் அவரும் வீடு முழுக்கக் கை தட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்து அத்தை, “என்ன, பசுவத் தேடுதீகளா?” என்று கேட்டார்கள். கடைசியாக அரங்கு. உள்ளே போய்த் தட்டினால், தட்டின இடத்திலேயே சத்தம் செத்துவிட்டது. யாரோ வாயைப் பொத்தின மாதிரி.

வெளியூர்க்காரர்களுக்கு அரங்கு என்றால் மேடை என்று தோன்றும். எங்கள் பக்கத்து வீடுகளில் அரங்கு என்பது உள்ளறை. சன்னல் கிடையாது. நெல், புளி, வெல்லம், நகை, கல்யாணத்துப் பாத்திரம், எல்லாம் அங்கேதான். எங்கள் அரங்கில் இப்போது நெல் இல்லை. ஆனால் மூன்று தலைமுறைப் பஞ்சு மெத்தைகள், பழைய சேலை மூட்டைகள், போர்வைகள், அத்தையின் டிரங்குப் பெட்டி. ஒலியைத் தின்பதற்கு இதைவிடத் தீனி வேறென்ன வேண்டும்! காசு கொடுத்து நுரைப் பலகை வாங்கிச் சுவரில் ஒட்டுகிறார்கள், நம் வீட்டு மெத்தைச் சுருள் அந்த வேலையைச் சும்மா செய்கிறது. முதலில் நான் அழகுக்காக ஒரு பத்தமடைப் பாயைப் பின்னால் சுவரில் தொங்கவிட்டேன், அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “பாயி கண்ணுக்கு. காதுக்கு மெத்ததான்.” உண்மைதான், பட்டுப்பாய் அத்தனை மெல்லிசு. அதையும் எடுக்கவில்லை, அதற்குப் பின்னால் ஒரு கனத்த போர்வையை மடித்துத் தொங்கவிட்டேன். கேமராவுக்குப் பாய், மைக்குக்குப் போர்வை.

அரங்குக்கு மாறிய முதல் நாளே அந்தப் பிள்ளை வாழைக்கு ‘ழ’ போட்டது. வாளைக்கும் ‘ழ’தான் போட்டது. ஆனாலும் இரண்டும் ‘லை’ இல்லை என்று கேட்டிருக்கிறதே, அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

அரங்கில் ஒலியைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. வெளிச்சம் இல்லை, காற்று இல்லை, பிளக் பாயிண்ட் இல்லை, வைஃபையும் இல்லை. ஒன்றரை அடிச் சுவர். ரவுட்டர் தார்சாவில் இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், எங்கள் பட்டாசல் சுவரோடு அது நின்றுவிட்டது. 2.4 உள்ளே வந்தது, தவழ்ந்து தவழ்ந்து. அந்த அலைவரிசையில்தான் ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்களும். வேகத் திட்டத்தைக் கூட்டலாமா என்று கேட்டால் அதில் பிரயோஜனம் இல்லை. ஜூம் தன் பக்கத்துக் கணக்கில் ஒருவருக்கொருவர் பேசும் நல்ல தரப் படத்துக்கு 600 கிலோபிட் போதும் என்றும், 720p படத்துக்கு 1.2 மெகாபிட் என்றும் சொல்கிறது. வெறும் குரலுக்கு 60 முதல் 80 கிலோபிட்தான். நம் வீட்டுக்கு வருகிற 40 மெகாபிட்டில் இது கால் தூசு. வாய்க்காலில் தண்ணீர் நிறைய வருகிறது, மடையிலிருந்து வயலுக்கு வரும் வழியில்தான் அடைப்பு.

அதனால் கேபிள் இழுத்தேன். 20 மீட்டர் லேன் கேபிள், கேட் 6. கேட் 5இ போட்டாலே 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும், கடையில் இதுதான் இருந்தது. தார்சாவிலிருந்து ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக அரங்குக்குக் கொண்டுவந்தோம். எலியும் அணிலும் இருக்கிற வீடு என்பதால் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு இழுத்தது நல்லதாய்ப் போயிற்று, வெளியே கம்பத்திலிருந்து வரும் கண்ணாடி இழைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் ஒரு வைகாசியில் அணில் கடித்துவிட்டது. வகுப்பு நடுவில் நின்றுபோய், ரவுட்டரில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த விளக்கு சிவந்தால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். நீங்கள் ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது, போனில் ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

கரண்ட் விஷயம் சொல்லணும். மாதப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை ஒன்பதுக்கு மேல்தான், அது என் வகுப்பைத் தொடாது. தொடுவது ஆனி ஆடிக் காற்று. கணவாய் வழியாக மேற்கிலிருந்து அது இறங்கினால் தென்னை மட்டை கம்பியில் விழும், கரண்ட் ஒரு நிமிஷம் போய் வரும். ஒரு நிமிஷம்தானே என்று நினைப்போம், லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, ஆனால் ரவுட்டர் செத்து எழுந்து இணைப்பைப் பிடிக்க மூன்று நாலு நிமிஷம் ஆகிறது, அதற்குள் பதினோரு பிள்ளைகளும் கலைந்து விளையாடப் போய்விடும். ரவுட்டருக்கென்றே கைக்கடக்கமான யுபிஎஸ் வருகிறது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, ஆனாலும் அடாப்டர் முதுகில் எழுதியிருப்பதைப் படித்து வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. இந்த ஏற்பாட்டில் நான் செலவழித்ததிலேயே வருத்தப்படாத காசு இதுதான்.

அதற்கெல்லாம் அடங்காத நாளும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரைமீறி ஓடியது. கரண்ட், போன், இணையம் எதுவும் இல்லை. அமெரிக்காவிலிருந்து பெற்றோர்கள் விடாமல் கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்கு எதுவும் தெரியாது. சிக்னல் வந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த செய்திகளில் ஒன்றில்கூட வகுப்பைப் பற்றிப் பேச்சில்லை.

அரங்கில் ஒரு நீட்டிப்புப் பெட்டி போட்டு லேப்டாப்பைச் சார்ஜில் சொருகியதும் மைக்கில் ‘ம்ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல், வண்டு புகுந்த மாதிரி. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது. பழைய வயரிங், எர்த் கம்பியே இல்லாத இரண்டு பின் பாயிண்டிலிருந்து இழுத்திருந்தேன். அண்ணாச்சிக்கு இது அரிச்சுவடி. கொடைக்குச் செட் கட்டும்போது முதல் வேலையாக எர்த் கம்பியை மண்ணில் அடித்துத் தண்ணீர் ஊற்றுவார், “எர்த்து இல்லன்னா செட்டு அழுதுகிட்டே இருக்கும்” என்பார். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தோடு ஒரு மூன்று பின் பாயிண்ட் வைத்தேன். அது வரும்வரை இரண்டு வாரம், வகுப்பு நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினேன். அதுவே போதுமான வைத்தியம்.

வெளிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் அவ்வளவு சுவாரசியம் இல்லை. சன்னலோ விளக்கோ முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கரிக்கட்டை. முன்னால் இருக்க வேண்டும். விளக்கை நேரே முகத்தில் அடிக்காமல் எதிர்ச் சுவரின் வெள்ளைக் காரையில் அடித்துத் திருப்பிவிட்டேன், மூக்குக் கண்ணாடியில் ஆந்தைக் கண் போய்விட்டது. படத்தில் பட்டை பட்டையாக வரி ஓடினால் விளக்கைத் திட்டாதீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி அதற்கு விநாடிக்கு 100 தடவை மினுக்கும். கேமரா அமெரிக்கக் கணக்கில் 60 என்று வைத்துக்கொண்டிருக்கும். அமைப்பில் போய் 50 என்று மாற்றினால் வரி நின்றுவிடும். உயரத்துக்கு அத்தையின் டிரங்குப் பெட்டி, அதன்மேல் பழைய பஞ்சாங்கக் கட்டு, அதன்மேல் லேப்டாப். கேமரா கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. பெட்டியிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் மட்டும் அத்தை வகுப்பு முடியக் காத்திருக்க வேண்டும், அதற்கு அவர்கள் என்னை மன்னிக்கவில்லை. அப்புறம், கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறேன். திரையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசினால் அதற்கு நான் கீழே பார்ப்பதாகத் தெரியும். பொட்டைப் பார்த்துப் பேசினால் அதன் கண்ணைப் பார்ப்பதாகத் தெரியும்.

எதிரொலியைப் பற்றி ஒரு விஷயம், ரொம்பப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வது. நான் பேசுவது ஒரு விநாடி கழித்து எனக்கே திரும்பிக் கேட்டால், கோளாறு என் பக்கம் இல்லை, அந்தப் பக்கம். அங்கே ஸ்பீக்கரில் வரும் என் குரலை அவர்கள் மைக் பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. நான் என் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பயனில்லை, யார் வீட்டில் டேப்லட் சத்தமாக அலறுகிறது என்று பார்த்து அந்தப் பிள்ளையின் மைக்கை மூட வேண்டும். அண்ணன் தங்கை ஒரே அறையில் இரண்டு கருவியில் வகுப்புக்கு வந்தால் இன்னும் மோசம், கீயென்று கூவ ஆரம்பித்துவிடும். குழாயை மைக்குக்கு நேரே திருப்பிக் கட்டினால் கோயிலில் என்ன ஆகுமோ அதேதான்.

என்ன செய்தும் மாற்ற முடியாதது தாமதம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இங்கிருந்து கலிபோர்னியா சுமார் 14,000 கிலோமீட்டர். ஒளியே நேராகப் போனாலும் 70 மில்லிவிநாடி ஆகிவிடும். கடலுக்கடியில் போகும் கேபிள் நேராகப் போவதில்லை, நடுவில் நிற்கும் இடங்கள் வேறு. பேச்சு இயல்பாக இருக்க ஒரு வழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை, நாங்கள் அந்த எல்லைக்கோட்டில் ஊசலாடுகிறவர்கள். இது தெரியாமல் நான் ஆத்திசூடியை எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றேன். ஒருவன் ‘அறம் செய’வில், ஒருத்தி ‘ஆறுவது’க்குப் போய்விட்டாள், சிங்கப்பூர்ப் பையன் அதற்கும் முன்னால். சந்தைக்கடை. சேர்ந்து வாசிப்பது இதில் நடக்காது என்று புரிய ஒரு மாதம் ஆனது. அதற்கு மாற்று அந்த வருஷக் கொடையில் கிடைத்தது. வில்லுப்பாட்டில் முன்பாட்டுக்காரர் ஓர் அடி சொல்லி நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார், பிறகு அடுத்த அடி. ஒருவர் நிறுத்திய இடத்தில்தான் இன்னொருவர் ஆரம்பிக்கிறார், அதனால் நடுவில் எத்தனை தாமதம் இருந்தாலும் தாளம் கெடாது. இப்போது என் வகுப்பில் ஒரு பிள்ளை அடி சொல்லும், அடுத்த பிள்ளை ‘ஆமா’ போட்டு அடுத்த அடியைப் பிடிக்கும். கலிபோர்னியாவில் நாலைந்து வீட்டில் ‘ஆமா’ என்று நெல்லை இழுவையில் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோர்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது.

ஒரு மார்கழியில் கோயில் குழாயில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் போட்டிருந்தார்கள். அரங்குக்குள்ளேயே மெலிசாகக் கேட்டது. பிள்ளைகளுக்கும் கேட்கட்டும், காருகுறிச்சி எங்களுக்கு அடுத்த ஊர்தான் என்று பீற்றிக்கொள்ளலாம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கு ஓடினேன். “ஒண்ணும் கேக்கல டீச்சர், நீங்க சும்மா நிக்கிறீங்க” என்றன. இரைச்சலை நீக்கும் ஏற்பாடு நாகசுரத்தை இரைச்சல் என்று முடிவுசெய்து துடைத்துவிட்டது! ஜூமில் ‘அசல் ஒலி’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் துடைக்காமல் அப்படியே அனுப்பும். போட்டேன். நாகசுரத்தோடு சேர்ந்து பால்காரர் பைக், நாய், அத்தை யாரையோ ஏசுவது எல்லாம் கலிபோர்னியாவுக்குப் போயிற்று.

இப்போது காலையில் ஐந்து நாற்பதுக்கு உட்காருகிறேன். கேபிள் சொருகி இருக்கிறதா, மென்பொருளில் மைக் என்ற இடத்தில் கிளிப் மைக்தான் தேர்வாகியிருக்கிறதா (அது தன்னிஷ்டத்துக்கு லேப்டாப் மைக்குக்குத் தாவும், நான் ஒரு வகுப்பு முழுக்க அப்படி எடுத்திருக்கிறேன்), அவ்வளவுதான் பார்ப்பது. அப்புறம் இருபது விநாடி பதிவுசெய்து போட்டுக் கேட்கிறேன். ‘ஹலோ மைக் டெஸ்ட்’ எல்லாம் இல்லை. வாழை, வாளை, வாலை. மூன்றும் மூன்றாகக் கேட்டால் வகுப்பைத் திறக்கிறேன். இலவசக் கணக்கில் 40 நிமிஷத்தில் அதுவே மூடிக்கொள்ளும், எட்டு வயசுப் பிள்ளையின் பொறுமையும் சரியாக அந்த அளவுதான்.

போன மாசம் அண்ணாச்சி வந்தார், செட்டு வேலையாக இல்லை. மகள் சார்ஜாவில் இருக்கிறாள், பேரன் பிறந்திருக்கிறான், வீடியோ காலில் காட்டுகிறேன் என்கிறாள், போனில் எதை அமுக்குவது என்று தெரியவில்லை. திண்ணையில் உட்கார வைத்து நானே போட்டுக் கொடுத்தேன். மணி அடித்து அந்தப் பெண் எடுத்ததும், அண்ணாச்சி போனை என் கையிலிருந்து வாங்கி, நாற்பது வருஷப் பழக்கம், மைக்கைப் பிடிக்கிற மாதிரியே வாய்க்கு நேரே நாலு விரற்கடையில் நிறுத்தி, “மக்களே, கேக்குதா?” என்றார்.

“நல்லாக் கேக்குப்பா,” என்றாள் அவள். “மீச மட்டுந்தான் தெரியுது.”